இந்தோனேசியக் கிராமத்துக்கு விவரத்தொகுப்பு தயாரிப்பது எப்படி? பயணிக்கும் முதலீட்டாளருக்கும் உதவும்படி ஒரு முழுமையான வழிகாட்டி

ஜாவாவில் ஏதாவது ஒரு கிராம அலுவலகத்துக்குப் போய் "ப்ரொஃபில் தேசா (கிராம விவரத்தொகுப்பு) இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். வழவழப்பான தாளில் அச்சிட்ட ஒரு புத்தகம் வரும். அட்டையில் வயல், மலை, சிரிக்கும் பாட்டி. உள்ளே தலைவரின் முன்னுரை, நிர்வாகக் கட்டமைப்பின் படம், பக்கம் பக்கமாக அட்டவணை. முழுக்கப் புரட்டிய பிறகும், ராத்திரி தங்க எத்தனை அறை இருக்கிறது, லாரி உள்ளே வருமா, அட்டையில் இருக்கும் அந்தக் குன்று யாருடையது என்ற மூன்று கேள்விக்கும் பதில் கிடைக்காது.

அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிற தொகுப்பை எப்படித் தயாரிப்பது என்பதுதான் இங்கே விஷயம். மத்திய ஜாவா, யோக்யகர்த்தா பக்கம் சில கிராமங்களில் உள்ளூர் இளைஞர்களோடும், ஊரில் தங்கிப் பணிசெய்ய வரும் கல்லூரி மாணவர்களோடும் உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். படம் எடுப்பதில் தொடங்குகிறார்கள், நிலத்தைக் கடைசிக்கு வைக்கிறார்கள். வரிசை நேர் எதிராக இருக்க வேண்டும்: முதலில் அனுமதி, அப்புறம் எண்கள், அப்புறம் நிலமும் தண்ணீரும், அதற்குப் பிறகுதான் விளைச்சலும் அழகும்.

## 1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

அறிமுகக் கடிதம் இரண்டு பிரதி. யார் அனுப்பினார்கள், எத்தனை நாள், என்ன தகவல் தேவை என்று ஒரே பக்கத்தில் இருக்கட்டும். ஒன்று கிராம அலுவலகக் கோப்புக்குப் போகும். இன்னொன்றில் முத்திரை வாங்கி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த தூசுன்களில் (கிராமத்தின் உட்பிரிவுகள்) அந்த முத்திரைதான் உங்களுக்காகப் பேசும்.

நீங்கள் வெளிநாட்டவர் என்றால் ஒரு எச்சரிக்கை. சுற்றுலா விசாவில் வந்து வீடுவீடாகக் கணக்கெடுக்கக் கூடாது. ஆய்வு என்ற பெயரில் செய்தால் ப்ரின் என்ற தேசிய ஆய்வு நிறுவனத்தின் அனுமதி தேவை. விவரம் திரட்டும் வேலையைக் கிராமத்தின் குழுவே செய்யட்டும். கேள்விகளை ஒழுங்குபடுத்துவதும் எழுத்தைச் சீர்செய்வதும் உங்கள் பங்காக இருக்கட்டும். சட்டத்துக்கும் அதுதான் சரி, தரத்துக்கும் அதுதான் நல்லது.

20 லிட்டர் வாளி ஒன்று, நொடி எண்ணும் கைபேசி, இணையம் இல்லாமலும் திறக்கும் வரைபடம், உள்ளூர் மொழி பேசும் ஒருவர். இந்தோனேசிய மொழி மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். நிலம், தண்ணீர், கடன் பற்றி வயதானவர்கள் மனம்விட்டுப் பேசுவது ஜாவா மொழியிலோ சுந்தா மொழியிலோதான்.

நேரத்தையும் திட்டமிடுங்கள். ஒரே பயணத்தில் முடியாது. மழைக்காலத்தில் ஒரு முறை, கோடையின் கடைசியில் ஒரு முறை போக வேண்டும். ஏன் என்று ஐந்தாவது படியில் சொல்கிறேன்.

## 2. இது எந்த வகை ஊர் என்று முதலில் உறுதிசெய்யுங்கள்

தேசா என்றால் கிராமம். நம்முடைய தேசம் அங்கே ஊரளவுக்குச் சுருங்கிவிட்டது. அதன் தலைவர் கெபாலா தேசா. கெபாலா என்பது நம் கபாலம்தான். இவரை ஊரார் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2014-இன் 6-ஆம் எண் கிராமச் சட்டத்துக்கு 2024-இல் வந்த திருத்தத்தின்படி பதவிக்காலம் 8 வருடம், அதிகபட்சம் இரண்டு முறை.

இதே அளவில் கெலுரஹான் என்று இன்னொன்று உண்டு. அது நகர அல்லது மாவட்ட நிர்வாகத்தின் கீழ்க்கிளை. அதன் தலைவரான லூரா அரசு ஊழியர். அதற்குத் தேர்தல் கிடையாது, கிராம நிதி கிடையாது, கிராமத்தின் சொந்த நிறுவனமும் கிடையாது. இரண்டையும் குழப்பினால், யாரோடு ஒப்பந்தம் போடலாம் என்ற கேள்விக்கே தவறான பதில் எழுதிவிடுவீர்கள்.

குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. ஜாவாவில் தேர்ந்தெடுக்கப்பட்ட கிராமத் தலைவரையும் வழக்கத்தில் "பாக் லூரா" என்றே கூப்பிடுவார்கள். யோக்யகர்த்தா சிறப்புப் பகுதியில் கிராமத்துக்கே அதிகாரபூர்வமாக கலுரஹான் என்று பெயர். உச்சரிப்பில் ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். மேற்கு சுமத்ராவில் நகரி, ஆச்சேயில் கம்போங். பாலியிலோ ஒரே ஊரில் இரண்டு அமைப்பு: அரசின் கிராமம் ஒன்று, வழக்காற்றுக் கிராமம் ஒன்று. கோயிலும் சடங்கும் ஊர்க்கட்டுப்பாடும் இரண்டாவதன் கையில். ஆகவே பாலி ஊருக்குத் தொகுப்பு எழுதினால் இரண்டு தலைவர்களையும் பார்க்க வேண்டும்.

## 3. அலுவலக வாசலில் தொடங்குங்கள்

கிராம அலுவலகத்துக்கு பலாய் தேசா என்று பெயர். காலை ஒன்பது மணிவாக்கில் போங்கள். மதியத்துக்கு மேல் பாதி நாற்காலி காலியாக இருக்கும். வெள்ளிக்கிழமையை விட்டுவிடுங்கள், தொழுகைக்கு முன்னாலேயே அலுவலகம் அடங்கிவிடும்.

உள்ளே நுழைந்ததும் விருந்தினர் புத்தகம் நீட்டுவார்கள். "நோக்கம்" என்ற கட்டத்தில் "முதலீடு" என்று எழுதாதீர்கள். நான் பார்த்த ஒரு குழு அப்படி எழுதிவிட்டு வந்தது. மறுநாள் காலைக்குள் நிலத்தரகர்கள் மூன்று பேர் அவர்கள் தங்கியிருந்த வீட்டு வாசலில். "கிராம விவரத்தொகுப்பு" என்று உள்ளதை எழுதினால் போதும்.

முதலில் தலைவரைவிடச் செயலாளரைத் தேடுங்கள். ஜாவாவில் அவரை சாரிக் என்பார்கள். எந்தக் கோப்பு எந்த அலமாரியில் என்பது அவருக்குத்தான் தெரியும். அப்புறம் கிராம ஆலோசனை மன்றமான பேபேடே. இவர்களைக் கடைசியில் சந்திப்பவர்கள் கடைசியில் மாட்டிக்கொள்வார்கள், ஏனென்றால் ஊர்க்கூட்டத்தைக் கூட்டுவது இவர்கள்தான்.

ஒவ்வொரு தெருமுனையிலும் "விருந்தினர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்" என்று பலகை இருக்கும். இரவு தங்கினால் அந்தத் தெருவின் ஆர்டி (அக்கம்பக்க வீடுகளின் குழு) தலைவரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். ஒரு கோப்பை தேநீரில் முடிகிற வேலை. சொல்லாமல் விட்டால் மறுநாள் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

## 4. ஏற்கெனவே இருக்கும் எண்களைத் திரட்டுங்கள்

புதிதாகக் கணக்கெடுக்கும் முன் இருப்பதை எடுத்து வையுங்கள். கிராம வரவுசெலவு அநேகமாக அலுவலக வாசலிலேயே பெரிய பதாகையாகத் தொங்கும், படம் எடுத்துக்கொள்ளலாம். வளர்ச்சித் திட்ட ஆவணம் சாரிக்கிடம் இருக்கும். புள்ளியியல் துறையான பேபேஎஸ் ஒவ்வொரு கெச்சமத்தானுக்கும் (நம் ஊர் வட்டம் மாதிரி) ஆண்டுப் புத்தகம் வெளியிடுகிறது, இலவசமாகவே இறக்கலாம். 2007-இன் 12-ஆம் எண் உள்துறை விதிப்படி ஒவ்வொரு கிராமமும் நிரப்ப வேண்டிய படிவமும் உண்டு. நிரப்பியிருந்தால் அதையும் கேளுங்கள்.

இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. அதற்காகப் பதற வேண்டாம். பரப்பளவு மூன்று தாளில் மூன்று விதமாக இருக்கும், ஏனென்றால் பல ஊர்களுக்கு எல்லை இன்னும் முறையாக வரையறுக்கப்படவில்லை. மக்கள்தொகையும் அப்படித்தான். பிழைக்க ஜகார்த்தா போனவர் ஊர் அடையாள அட்டையை மாற்றியிருக்க மாட்டார். "பதிவில் இருப்பவர்கள்", "ஊரில் வசிப்பவர்கள்" என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். வேலைக்கு ஆள் தேடும் முதலீட்டாளருக்கு வேண்டியது இரண்டாவது எண்.

இங்கேதான் எண் வடிவம் காலை வாரும். இந்தோனேசியாவில் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி வைப்பார்கள், தசமத்துக்குக் காற்புள்ளி. "1.250 ஹெக்டேர்" என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது, "1,25 ஹெக்டேர்" என்றால் ஒன்றேகால். இதைத் தலைகீழாக வாசித்து ஒரு ஊரையே ஒரு தோப்பாக்கிவிட்ட வரைவை நானே திருத்தியிருக்கிறேன்.

பணமும் அப்படியே. ஒரு ஜுத்தா பத்து லட்சம், ஒரு மில்யார் நூறு கோடி. நிலத்துக்கு உள்ளூர் அளவு வேறு: பாலியில் ஒரு ஆரே 100 சதுர மீட்டர், வடக்கு சுமத்ராவில் ஒரு ரந்தே 400, மத்திய ஜாவாவின் பான்யுமாஸ் பக்கம் ஒரு உபின் சுமார் 14. விவசாயி சொன்ன அளவை அப்படியே எழுதி, பக்கத்திலேயே சதுர மீட்டரையும் போடுங்கள். மாற்றியதை மட்டும் எழுதினால் யாராலும் சரிபார்க்க முடியாது.

ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஆண்டும் மூலமும் வேண்டும். இது இல்லாத எண்ணைத் தொகுப்பில் சேர்க்காமல் விடுவதே மேல்.

## 5. நிலமும் தண்ணீரும்: இதைத் தள்ளிப்போடாதீர்கள்

முழு வேலையில் பாதி நேரம் இங்கே போகும், போகட்டும். அழகான இடம், வளமான இடம் என்று எழுதும் முன் அது யாருடையது என்று தெரிய வேண்டும்.

கிராமத்து நிலத்தை நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலாவது, தனியார் நிலம். இதில் அரசு வழங்கிய சான்றிதழ் உள்ளது வேறு, கிரிக், லெத்தர் சே போன்ற பழைய வரித்தாள் மட்டும் உள்ளது வேறு. வரித்தாள் பட்டா ஆகாது. 2021-இன் 18-ஆம் எண் அரசு விதி இந்தத் தாள்களைப் பதிவுசெய்ய ஐந்து வருடக் கெடு வைத்தது. 2026 பிப்ரவரிக்குப் பிறகு அது உரிமைச் சான்று இல்லை, விசாரிக்கத் தொடங்க உதவும் ஒரு துப்பு மட்டும்.

இரண்டாவது, கிராமத்தின் சொந்த நிலமான தானா காஸ் தேசா. ஜாவாவில் கிராம அதிகாரிகளுக்கு உழுது சாப்பிட விடும் பெங்கோக் நிலமும் இதைச் சேர்ந்தது. இதைத் தலைவர் நினைத்தபடி விற்க முடியாது. குத்தகைக்கு விடவும் முறை இருக்கிறது. யோக்யகர்த்தாவில் ஆளுநரின் அனுமதி இல்லாமல் தொட முடியாது. "தலைவர் சரி என்று சொல்லிவிட்டார்" என்பது இங்கே செல்லாது.

மூன்றாவது, வழக்காற்றுச் சமூகத்தின் பொது நிலம். மேற்கு சுமத்ரா, பாலி, கிழக்குத் தீவுகளில் முக்கியம். ஒருவர் கையெழுத்துப் போட்டு முடிகிற விஷயமல்ல. நான்காவது, அரசுக் காடு. மலையடிவார ஊர்களில் வனத்தின் எல்லைக்கல் வீட்டுக் கொல்லையிலேயே நிற்கும்.

நில அமைச்சகத்தின் இணைய வரைபடத்துக்குப் பெயரே பூமி. பதிவான துண்டுகள் அதில் கோடு போட்டுத் தெரியும். வெற்றாக இருக்கும் இடத்தை "காலி நிலம்" என்று எழுதிவிடாதீர்கள். பதிவாகவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். நாலு தலைமுறையாக உழுபவர் அங்கே இருப்பார்.

நீர்ப்பாசன வயல் என்றால் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: அது காக்கப்பட்ட வேளாண் நிலமா? 2009-இன் 41-ஆம் எண் சட்டப்படி அப்படி அறிவித்த வயலில் விடுதி கட்ட முடியாது. வயல் நடுவே மூங்கில் குடில் என்ற கனவு பெரும்பாலும் இங்கேதான் முடிகிறது.

இனித் தண்ணீர். என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். முதல் தொகுப்பில் ஊற்றை ஜனவரியில் அளந்தேன். கொட்டிக்கொண்டிருந்தது. அதே எண்ணை நம்பி ஒருவர் செப்டம்பரில் பார்க்க வந்தார். ஒரு மூங்கில் குழாயில் விரல் பருமனுக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, தொகுப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு வரவேயில்லை.

அளப்பது சுலபம். வாளியை ஊற்று வாயில் வைத்து எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று மூன்று முறை எண்ணிச் சராசரி எடுங்கள். 20 லிட்டர் 8 நொடியில் நிரம்பினால் நொடிக்கு 2.5 லிட்டர், ஒரு நாளைக்கு 2,16,000 லிட்டர். இதை ஜாவாவில் செப்டம்பர், அக்டோபரில் அளக்க வேண்டும். அந்த எண்தான் ஊரின் உண்மையான தண்ணீர். அம்போன் போன்ற மலுக்கு தீவுகளில் ஆண்டின் நடுவில்தான் மழை, அங்கே கணக்கு மாறும்.

அப்புறம் அதே தண்ணீரை ஏற்கெனவே யார் குடிக்கிறார்கள், எந்த வயலுக்குப் போகிறது என்று கழித்துக்கொள்ளுங்கள். மிச்சம் இருப்பதை மட்டும் முதலீட்டாளருக்குச் சொல்லலாம். பல ஊர்களில் மிச்சம் என்பது பூஜ்யம். அப்படியானால் பூஜ்யம் என்றே எழுதுங்கள்.

## 6. ஊரை நடந்து பாருங்கள்

தூசுன் தலைவரோடு ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடங்கள். மோட்டார் சைக்கிளில் போனால் பாதி தெரியாது. மேட்டு நிலம், வயல், கொல்லை, ஆறு என்று வரும் வரிசையைக் குறிப்பேட்டில் கோடாக வரைந்தாலே போதும்.

சாலைக்கு நீளத்தைவிடச் சொந்தக்காரர் முக்கியம். கிராமச் சாலையா, மாவட்டச் சாலையா என்பதைப் பொறுத்துத்தான் பழுது பார்ப்பது யார் என்று முடிவாகும். லாரி பற்றிக் கேட்டால் மிகக் குறுகலான பாலத்தின் அகலத்தை நாடாவால் அளந்து எழுதுங்கள். பயண நேரத்தைக் கிலோமீட்டரில் சொல்ல வேண்டாம்; "உலர்ந்த நாளில் 40 நிமிடம், மழையில் ஒன்றரை மணி" என்றால் யாருக்கும் புரியும்.

மின்சாரம் "உண்டு" என்று எழுதுவதில் பயனில்லை. வீடுகளுக்கு 900 அல்லது 1,300 வோல்ட் ஆம்பியர் இணைப்பு சாதாரணம். ஒரு சின்ன அரைவை இயந்திரமோ குளிர்கிடங்கோ வேண்டுமானால் மும்முனை இணைப்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஆபத்தை மறைக்காதீர்கள். தேசியப் பேரிடர் அமைப்பின் இனாரிஸ்க் வரைபடத்தில் நிலச்சரிவு, வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் ஊர்வாரியாகத் தெரியும். எரிமலை ஓரத்து ஊர் என்றால் அபாய மண்டலம் ஒன்றா, இரண்டா, மூன்றா என்று எழுதுங்கள். தலைவர் கொஞ்சம் முகம் சுளிப்பார். முதலீட்டாளர் எப்படியும் அந்த வரைபடத்தைத் திறந்து பார்க்கத்தான் போகிறார் என்று சொன்னால் ஒத்துக்கொள்வார்.

## 7. "பொதென்சி" என்ற சொல்லை அடித்துவிடுங்கள்

இந்தோனேசியக் கிராமத் தொகுப்புகளில் அதிகம் தேய்ந்த சொல் இதுதான். எல்லா ஊருக்கும் வேளாண் பொதென்சி, சுற்றுலாப் பொதென்சி, கைவினைப் பொதென்சி. வளவாய்ப்பு என்று அர்த்தம். படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. அந்த இடத்தில் நாலு விடை எழுதுங்கள்: எவ்வளவு, எந்த மாதம், யார் கையில், ஏற்கெனவே யாருக்குப் போகிறது.

கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. தென்னஞ்சர்க்கரையை எடுத்துக்கொள்வோம். பான்யுமாஸ், பூர்பலிங்கா பக்கத்து ஊர்களில் இதுதான் பிழைப்பு. காலையிலும் மாலையிலும் தொழிலாளி இருபது, இருபத்தைந்து மரம் ஏறிப் பாளையைச் சீவுகிறார். இடுப்பில் பொங்கோர் என்ற மூங்கில் குடுவை; நம் பதநீர்க் கலயத்தில் போல இதிலும் புளிக்காமலிருக்கச் சுண்ணாம்பு. வீட்டில் மனைவி அடுப்பில் நாலைந்து மணி நேரம் காய்ச்சுகிறார். ஏழெட்டு லிட்டர் சாறு ஒரு கிலோ சர்க்கரையாகச் சுருங்குகிறது.

ஒரு தூசுனில் 60 பேர், ஆளுக்கு நாளைக்கு 5 கிலோ என்று வைத்தால் 300 கிலோ. அட்டவணையில் பார்த்தால் ஒரு சிறு ஆலைக்குப் போதும் என்று தோன்றும். ஆனால் சமையலறையில் உட்கார்ந்து பேசினால் கதை வேறு. மகன் பள்ளிக்கட்டணத்துக்கு, மரத்திலிருந்து விழுந்தபோது மருத்துவச் செலவுக்கு என்று கொள்முதல் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். கடன் தீரும்வரை சர்க்கரை அவருக்கே போக வேண்டும். ஆக அந்த 300 கிலோவில் கட்டுப்படாத சர்க்கரை எவ்வளவு என்பதுதான் தொகுப்பில் வர வேண்டிய எண். யார் யாரிடம் கடன் வாங்கினார் என்பதை மட்டும் எழுதக் கூடாது.

நெல்லுக்கும் ஒரு சொல்: "டன்" என்று மட்டும் எழுதினால் எதற்கும் உதவாது. அறுத்த ஈரநெல்லா, காய்ந்த நெல்லா, அரிசியா? மூன்றும் மூன்று எடை.

## 8. பயணிக்கான பகுதியை எழுதுதல்

ஒரே தகவல் கிடங்கிலிருந்து இரண்டு தனித்தனித் தாள்களை எடுங்கள். ஒன்றாகக் கலந்தால் பயணி நில உரிமைப் பக்கத்தில் தூங்கிவிடுவார், முதலீட்டாளர் நாட்டியப் படங்களில் எரிச்சலாவார்.

பயணிக்கு வேண்டியவை: எப்படி வருவது, எங்கே தூங்குவது, என்ன சாப்பிடுவது, எவ்வளவு ஆகும், எதைச் செய்யக் கூடாது. அறைகளை எண்ணுங்கள், கழிப்பறை எந்த வகை என்று சொல்லுங்கள். குளியலறையில் தொட்டியும் மொண்டு ஊற்றும் கோப்பையும் இருக்கும். நமக்கு விளக்கம் தேவையில்லை, ஐரோப்பியர்களுக்குத் தேவை. தொட்டிக்குள்ளேயே இறங்கிக் குளித்தவர்கள் உண்டு.

சைவ உணவு என்றால் "காய்கறி கிடைக்கும்" என்று நிறுத்தாதீர்கள். வதக்கிய கீரையிலும் சட்னி போன்ற சம்பலிலும் தெராசி என்ற இறால் விழுது இருக்கும். தெராசி இல்லாமல் சமைக்கத் தெரிந்த வீடு எது என்று கேட்டுக் குறியுங்கள்.

சந்தை நாளைக் கிழமையில் எழுதினால் தவறிப்போகும். ஜாவாவில் லெகி, பாஹிங், போன், வகே, கிளிவோன் என்று ஐந்து நாள் சுழற்சி உண்டு. பல சந்தைகள் அந்தக் கணக்கில்தான் கூடுகின்றன.

கட்டணத்துக்குத் தேதி போடுங்கள். அதைவிட முக்கியம், நுழைவுக் கட்டணமும் வண்டி நிறுத்தக் கட்டணமும் கிராம விதியின் அடிப்படையில் வசூலாகிறதா என்று பாருங்கள். விதி இல்லாமல் வாங்கும் பணத்துக்கு அங்கே புங்லி என்று பெயர். அது குற்றம், உங்கள் தொகுப்பு அதற்குச் சாட்சியாகிவிடும்.

ஊர்க் கட்டுப்பாடுகளைக் காரணத்தோடு எழுதுங்கள். ஃப்ளோரஸ் தீவின் வாயே ரெபோவில் கூம்பு வடிவில் ஏழு வீடுகள். மேலே ஏறி வந்ததும் பெரிய வீட்டுக்குள் போய்ப் பெரியவரின் வரவேற்புச் சடங்கு முடிந்த பிறகுதான் படம் எடுக்கலாம். அதுவரை நீங்கள் இன்னும் வந்து சேராத ஆள். இப்படிச் சொன்னால் யாரும் மீற மாட்டார்கள். "படம் எடுக்காதீர்" என்று பலகை வைத்தால் மீறுவார்கள்.

எத்தனை பேர் வரலாம் என்ற எண்ணையும் ஊராரிடமே கேளுங்கள். யோக்யகர்த்தாவின் குனுங்கிடுல் பகுதியில் இருக்கும் ங்லங்கெரான் நல்ல உதாரணம். பழைய எரிமலைப் பாறையைப் பார்க்க 2014-இல் மூன்று லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். குப்பை, நெரிசல். ஊர்க்குழு கட்டணத்தை உயர்த்தி, தங்கிப் பார்க்கிறவர்களை நோக்கித் திரும்பியது. கூட்டம் குறைந்தது, வருமானம் கூடியது. 2021-இல் ஐநா சுற்றுலா அமைப்பின் சிறந்த கிராமங்கள் பட்டியலில் ஊர் இடம்பிடித்தது. "அதிகம் பேர் வாருங்கள்" என்பது எல்லா ஊருக்கும் பொருந்தும் வாசகமல்ல.

## 9. முதலீட்டாளருக்கான பகுதியை எழுதுதல்

நாலு பக்கம் போதும். முதல் பக்கத்திலேயே என்ன இல்லை என்று சொல்லிவிடுங்கள்: உபரித் தண்ணீர் இல்லை, மும்முனை மின்சாரம் 3 கிலோமீட்டரில், வயலில் கட்டடம் கூடாது. உண்மையான ஆர்வம் உள்ளவர் அதற்குப் பிறகும் படிப்பார்.

வெளிநாட்டவர் படிக்கக்கூடும் என்றால் இரண்டு விஷயத்தை மறைக்காமல் எழுதுங்கள். 1960-இன் அடிப்படை நிலச்சட்டப்படி முழு உரிமையான ஹாக் மிலிக் இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும். உள்ளூர் ஆளின் பெயரில் வாங்கி ரகசியமாக ஒப்பந்தம் போட்டுக்கொள்வது செல்லாது, நிலம் அரசுக்குப் போய்விடும். இரண்டாவது, வெளிநாட்டு மூலதன நிறுவனம் தொடங்க, பொதுவாக நிலமும் கட்டடமும் நீங்கலாக 10 மில்யாருக்கு மேல், அதாவது ஆயிரம் கோடி ரூபியாவுக்கு மேல் முதலீடு காட்ட வேண்டும். நாலு அறை விடுதிக்கு இது ஒத்துவராது என்பது எண்ணைப் பார்த்ததும் விளங்கும்.

கூட்டாளியாகச் சேர ஊரில் யார் தகுதி உள்ளவர் என்றும் சொல்லுங்கள். கிராமத்தின் சொந்த நிறுவனமான பும்தேஸ், 2021-இன் 11-ஆம் எண் அரசு விதிக்குப் பிறகு சட்ட ஆளுமை உள்ள அமைப்பு. பதிவுச் சான்று இருக்கிறதா, கணக்கு யார் பார்க்கிறார், கடந்த வருடக் கூட்டத்தில் கணக்குச் சமர்ப்பித்தார்களா? பெயர்ப்பலகை மட்டும் உள்ள பும்தேஸ் நிறைய உண்டு. கிளாத்தென் மாவட்டத்தின் பொங்கோக் கிராமத்தில் ஊற்றுக் குளத்தை வைத்து 2009-இல் தொடங்கிய பும்தேஸ் பல மில்யார் வருமானம் ஈட்டும் அளவுக்கு வளர்ந்தது. எல்லாத் தலைவரும் அந்த ஊரைக் காட்டித்தான் பேசுவார்கள். அங்கே கோடையிலும் தண்ணீர் இருந்தது என்பதை யாரும் சொல்வதில்லை.

லாப மதிப்பீடு எழுதாதீர்கள். விலை, அளவு, பருவம் கொடுத்தால் கணக்கை அவரே போட்டுக்கொள்வார். நீங்கள் போட்டால், பிறகு அது ஊர் கொடுத்த வாக்குறுதி ஆகிவிடும்.

## 10. ஊர்க்கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள்

இந்தப் படியைத் தாண்டுகிறவர்கள்தான் அதிகம். கிராமச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு, முஷாவரா தேசா என்ற ஊர்க்கூட்டத்தில் பேச வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது. கிராமத்துக்குள் வரும் முதலீட்டுத் திட்டமும் அதில் ஒன்று. கூட்டம் பார்க்காத தொகுப்பை வைத்து யாரோ முதலீடு பேச வந்தால், ஊர் இரண்டாகும்.

திரையில் காட்டுவதோடு நிற்காதீர்கள். நில வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டுத் தரையில் விரியுங்கள். பெண்களும் வருகிற நேரமாகப் பார்த்து வையுங்கள். தண்ணீர், விறகு, தங்கும் வீடு மூன்றுக்கும் பதில் அவர்களிடம் இருக்கிறது. ஒரு கூட்டத்தில் ஒரு அம்மா வரைபடத்தின் மேல் குனிந்து பார்த்துவிட்டு, "இந்தப் பாதை எங்கள் மயானத்து வழி, இங்கே எப்படிப் பயணிகள் நடப்பார்கள்?" என்றார். நாங்கள் மூன்று முறை நடந்த பாதை அது. எங்களோடு வந்த ஆண்கள் யாரும் சொல்லவில்லை.

திருத்தங்களை அங்கேயே சிவப்புப் பேனாவால் போடுங்கள். முடிவைக் கூட்டக் குறிப்பில் பதிந்து கையெழுத்து வாங்குங்கள்.

## 11. வெளியிடும் முன் கடைசிச் சரிபார்ப்பு

அடையாள எண், குடும்ப அட்டை எண், தனிநபர் கைபேசி எண் எதுவும் வெளியே போகக் கூடாது. 2022-இன் 27-ஆம் எண் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உதவித்தொகை பெறுவோர் பட்டியலை அப்படியே பின்னிணைப்பாகச் சேர்த்த மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். தொடர்புக்குக் கிராம அலுவலக எண்ணும் கிராம இணையதளமும் போதும்.

படங்களில் இருப்பவர்களிடம் கேட்டுவிடுங்கள். அட்டையில் சிரிக்கும் அந்தப் பாட்டியிடமும்தான்.

மூலக்கோப்பைத் திருத்தக்கூடிய வடிவில் சாரிக்கிடமும், விவரம் தெரிந்த ஒரு இளைஞரிடமும் கொடுங்கள். மூடிய வடிவில் மட்டும் கொடுத்தால் அடுத்த வருடம் ஒரு விலையை மாற்றக்கூட உங்களைத் தேடுவார்கள். முதல் பக்கத்தில் மூன்று தேதி இருக்கட்டும்: தண்ணீர் அளந்த நாள், விலை கேட்ட நாள், கூட்டம் ஒப்புக்கொண்ட நாள். அடுத்த கோடையின் கடைசியில் அதே வாளியோடு அதே ஊற்றுக்கு யார் போவது என்று ஒரு பெயரைக் கூட்டத்திலேயே முடிவு செய்துவிட்டு ஊரைவிட்டுக் கிளம்புங்கள்.